உங்களுக்குத் தெரியுமா? கோடை முடிவதைச் சொல்லும் அடையாளங்கள்

வானியல் கணக்குப்படி இங்கிலாந்தில் இலையுதிர்காலம் செப்டம்பர் 22 அல்லது 23-இல் தொடங்குகிறது. ஆனால் நாட்டுப்புறங்களில் அதன் வரவு ஆகஸ்டிலேயே தெரிந்துவிடும். பறவைகளையும் மரங்களையும் இந்த மாற்றத்துக்குத் தயார்ப்படுத்துவதில் குறைந்துகொண்டே வரும் பகல் நேரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

● பறவைகள்: உழவாரன் குருவிகளில் பெரும்பாலானவை ஆகஸ்ட் நடுவிலேயே ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிடும். தகைவிலான்கள் செப்டம்பரில் மின்கம்பிகளில் வரிசையாகக் கூடி, பிறகு ஏறத்தாழ 10,000 கி.மீ. தொலைவிலுள்ள தென்னாப்பிரிக்காவுக்குப் பறக்கும். இதே இனத்தைச் சேர்ந்த ஆசியப் பறவைகள் குளிர்காலத்தில் தமிழகத்துக்கு வருகின்றன.

● வேலியோரப் பழங்கள்: பிளாக்பெர்ரியின் ஒரே கொத்தில் பச்சை, சிவப்பு, கறுப்பு மூன்றையும் காணலாம். கொத்தின் நுனியில் இருப்பதே முதலில் கனியும். பெரியதும் தித்திப்பானதும் அதுதான்.

● சிலந்தி வலைகள்: தோட்டச் சிலந்திகள் முழு வளர்ச்சி அடையும் பருவம் இது. இரவுக் குளிரில் பனித்துளிகள் படிவதால், செடிகளுக்கிடையே கட்டிய வலைகள் காலையில் பளிச்செனத் தெரியும்.

● ஐவிக் கொடி: மற்ற பூக்கள் ஓயும் நேரத்தில், செப்டம்பரில் இது பூக்கத் தொடங்கும். குளிர்காலத்துக்கு முன் தேனீக்களுக்குக் கிடைக்கும் கடைசிப் பெரிய உணவு இதன் தேன்.

● இலைகள்: பச்சையம் சிதைந்ததும், இலையில் ஏற்கெனவே மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளிப்படுகிறது. சிவப்பு நிறமியோ இலையில் தேங்கும் சர்க்கரையைக் கொண்டு புதிதாக உருவாகிறது. கடைசியில் காம்பின் அடியிலுள்ள செல்லடுக்கு பிரிய, இலை உதிர்கிறது.