லேக் வியூ!

புரட்டாசி முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கே மட்டன் கடையில் க்யூ. ஒரு மாதம் வாயைக் கட்டிய எங்கள் தெருவே பையும் கையுமாக நிற்க, நான் மட்டும் இரவல் பைனாகுலரை மாட்டிக்கொண்டு பைக்கைக் கிளப்பினேன். "என்ன சார், கறியைத் தூரத்துலேர்ந்தே பார்த்துக்கப் போறீங்களா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

போனது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. பறவைகள் மேல் திடீர்க் காதல் எல்லாம் இல்லை. அந்தப் பக்கம் ஒரு ஃப்ளாட்டுக்கு 50,000 ரூபாய் டோக்கன் கொடுத்திருந்தேன். 'லேக் வியூ! பால்கனியிலேயே பறவைகள்!' என்று கலர் நோட்டீஸ். திங்கட்கிழமை அக்ரிமென்ட், கூடவே நாலு லட்சம். பி.காம். படித்தவன் சரக்கைப் பார்க்காமல் பணம் கட்டலாமா?

கூட்டிப்போனவர் ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். "சத்தம் கூடாது. பளிச்சுனு சட்டை கூடாது" என்றார். நான் போட்டிருந்தது சிவப்பு. பன்னிரண்டு பேர் வரிசையில் கடைசிக்குத் தள்ளப்பட்டேன்.

முதல் பறவையைக் கண்டுபிடித்தவன் நான்தான். "சார், வெள்ளைக் கொக்கு!"

அவர் பைனாகுலரை வைத்துப் பார்த்தார். "அது கேரி பேக்."

அதற்குப் பிறகு நிஜப் பறவைகள் வந்தன. கோரைக்குள் கத்தரிப்பூ நிறத்தில் நீலத் தாழைக்கோழி. நீண்ட விரல்களை அகட்டி வைத்து, மிதக்கிற இலை மேலேயே நடக்கும் நீளவால் இலைக்கோழி. "இதுல முட்டையிடறதோட பொம்பளை வேலை முடிஞ்சுது. அடைகாத்து, குஞ்சு வளர்க்கறதெல்லாம் ஆம்பளைதான். அம்மா அடுத்த மாப்பிள்ளையைத் தேடிப் போயிடும்" என்றார். புதுசாகக் கல்யாணமான பையன் ஒருவன் நோட்டில் எழுதிக்கொண்டான். எதற்கோ தெரியவில்லை.

தண்ணீரில் கூட்டமாக மிதந்த சின்ன வாத்துகளைக் காட்டினார். நீலச்சிறகி. வட ஆசியாவில் குளிர் தொடங்கும்போதே கிளம்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருமாம். எடை சுமார் 400 கிராம். எனக்கு மறுபடி மட்டன் கடை ஞாபகம் வந்தது, பாவி!

எட்டு மணிக்கு டீ. மெதுவாக நோட்டீஸை எடுத்து நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். "காட்டறேன் வாங்க" என்று நடைபாதையின் கோடிக்குக் கூட்டிப்போனார்.

காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் காலி மனை. நடுவில் தேங்கிய தண்ணீரில், ஒரு ஜாண் நீளச் சிவப்புக் காலோடு நாலு பறவைகள்.

"பவளக்கால் உள்ளான். இங்கிலீஷ்ல இதுக்கு ஸ்டில்ட்னு பேரு."

"எங்க ஃப்ளாட்லயும் ஸ்டில்ட் பார்க்கிங்தான் சார்!"

"ரெண்டும் ஒண்ணுதான். தண்ணி ஏறினா இது பறந்துடும், உங்க வண்டி பறக்காது." சிரிக்காமல் சொன்னார். "ஐப்பசி மழை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. இப்பவே பறவை நிக்குது பாருங்க."

பிறகு கணக்குச் சொன்னார், பேங்க் ஆள் அல்லவா. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரி நீர் வந்து சேரும் இடம் இது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கோவளம் போய்க் கடலில் கலக்க வேண்டும். ஒரு காலத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்திருந்த சதுப்பு. குப்பைமேடு, 200 அடி ரோடு, அரசாங்க ஆபீஸ்கள், அடுக்குமாடிகள் என்று ஆளுக்கொரு பக்கம் தின்றது போக, 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது கணக்கில் வந்தது சுமார் 1,247 ஹெக்டேர். அதாவது பன்னிரண்டரை சதுர கிலோமீட்டர்.

"வரவு அப்படியே இருக்கு. பெட்டியை மட்டும் சின்னதாக்கிட்டோம். 2015 டிசம்பர்லயும், 2023 மிக்ஜாம் புயல்லயும் இந்தப் பக்கம் போட் விட்டாங்களே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. டி.வி.யில் பார்த்து "அடப்பாவமே" என்றவன்தான் நான்.

அங்கிருந்தே சேல்ஸ் பையனுக்குப் போன் போட்டேன். "டோக்கன் ரிட்டர்ன் ஆகாது சார்" என்றான். வாராக் கடனில் எழுதிக்கொண்டேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த வாரம் அவள் கண்ணில் இந்தப் பக்கம் படாமல் இருக்கவேண்டும்.

திரும்பும்போது மணி பத்தரை. மட்டன் கடையில் எலும்புதான் மிச்சம் இருந்தது.