அமைதியும் ஒரு பொதுச் சொத்தே: மலைகளில் பொழுதுபோக்கு டிரோன்கள்

வேளாண்மை, நில அளவை, பேரிடர் மீட்பு ஆகிய துறைகளில் டிரோன்கள் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானங்கள் குறுகிய காலத்திலேயே நிலையான இடத்தைப் பெற்றுவிட்டன. 2020 ஏப்ரலில் தொடங்கப்பெற்ற 'ஸ்வாமித்வா' திட்டத்தின்கீழ்ச் சிற்றூர்க் குடியிருப்பு நிலங்கள் டிரோன்களைக் கொண்டே அளக்கப்பட்டன. மலைப் பகுதிகளிலும் இக்கருவி உயிர் காத்ததுண்டு. 2018 ஜூலையில், காரகோரம் மலைத்தொடரின் பிராட் பீக் சிகரத்தில் இறந்துவிட்டதாகவே கருதப்பட்ட ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் ஒருவர், அண்மையிலிருந்த மற்றொரு குழுவின் டிரோனால் கண்டறியப்பட்டு மீட்கப்பட்டார்.

ஆனால் இதே கருவி வெறும் பொழுதுபோக்கிற்காகப் பறக்கவிடப்படும்போது வேறொரு பிரச்சினை எழுகின்றது. பாறை ஏறுவோர், மலைப் பாதைகளில் நடப்போர், பறவை நோக்குவோர் ஆகியோர் நாடிச் செல்லும் அமைதியான இடங்களில் டிரோன்களின் இரைச்சல் ஊடுருவுகின்றது. இது ஒரு சிலரின் மனக்குறை மட்டுமன்று. பாதுகாப்பு, வனவிலங்குப் பேணல், பொதுச் சொத்தின் நிர்வாகம் ஆகிய மூன்றையும் தொடும் பிரச்சினையாகும்.

பொருளாதார நோக்கு

ஒருவரது செயலால் அதில் தொடர்பில்லாத பிறருக்கு ஏற்படும் இழப்பைப் பொருளியலார் 'புறவிளைவு' என்பர். ஆர்தர் பிகு 1920-ல் வெளியிட்ட தமது நூலில் இதனை விரிவாக ஆராய்ந்து, இழப்பை உண்டாக்குபவர்மீது வரி விதிப்பதை ஒரு தீர்வாகக் காட்டினார். ரொனால்டு கோஸ் 1960-ல் எழுதிய கட்டுரையில், உரிமைகள் தெளிவாக வரையறுக்கப்பட்டு, பேரம் பேசுவதற்கான செலவும் இல்லையெனில், இரு தரப்பினரும் தமக்குள் பேசியே உடன்பாட்டிற்கு வரலாம் என்று விளக்கினார்.

மலைச்சரிவில் இத்தகைய பேரத்திற்கு வழியில்லை. டிரோனை இயக்குபவர் அரை கிலோமீட்டர் தொலைவில், கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் இருக்கலாம். பாதிக்கப்படுவோர் பலர், ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஒரு மின்கலத்தின் ஆற்றலில் இருபது அல்லது முப்பது நிமிடம் ஒருவர் அடையும் இன்பத்திற்காக, பள்ளத்தாக்கு முழுவதிலும் உள்ளோர் அமைதியை இழக்கின்றனர். அமைதியை எத்தனை பேர் நுகர்ந்தாலும் அது குறைவதில்லை. ஆயினும் ஒரே ஒருவர் அதனை அனைவருக்கும் இல்லாமற் செய்துவிட இயலும். எனவே உரிமைகளைப் பொது விதிகளால் முன்கூட்டியே வரையறுப்பது அவசியமாகின்றது.

ஒலியும் ஆபத்தும்

டிரோனின் ஒலி, வேகமாகச் சுழலும் சிறு விசிறிகளிலிருந்து எழுவது. உயர்ந்த சுருதியில், ஏற்றத்தாழ்வுடன் ஒலிப்பதால், அதே அளவுள்ள நீரோடையின் ஓசையைக் காட்டிலும் இது செவியை உறுத்துகின்றது. திறந்த வெளியில் தொலைவு இரு மடங்காகும்போது ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். இருபுறமும் பாறைச் சுவர்கள் உள்ள பள்ளத்தாக்கிலோ எதிரொலி இக்குறைவை ஓரளவு ஈடுசெய்துவிடுகின்றது. உயரமான இடங்களில் காற்றின் அடர்த்தி குறைவு. எனவே அதே எடையைத் தாங்க விசிறிகள் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். குளிரில் மின்கலத்தின் ஆற்றலும் விரைவில் குன்றும். சிகரங்களை ஒட்டி வீசும் சுழற்காற்று, கட்டுப்பாட்டை இழக்கச் செய்யக்கூடியது.

பாறை ஏறுபவரின் உயிர், கீழே கயிற்றைப் பிடித்திருப்பவரின் கையில் உள்ளது. கயிற்றைத் தளர்த்தவும், இறுக்கவும், நிறுத்தவும் இருவரும் பெரும்பாலும் குரலாலேயே பேசிக்கொள்வர். அந்தக் குரலை இரைச்சல் மூழ்கடிப்பின் விளைவு விபரீதமாகலாம். 60 மீட்டர் உயரத்திலிருந்து செயலிழந்து விழும் டிரோன், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிடில், மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். மேலிருந்து உருளும் கல்லுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. செங்குத்தான பாறைகளில் கூடு கட்டும் மலைத்தேனீக்கள் கலைக்கப்பட்டால், கயிற்றில் தொங்குபவர் தப்பியோடவும் இயலாது.

பறவைகளுக்கு நேரும் இழப்பு

பெங்களூருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ராமநகரத்துக் கருங்கல் குன்றுகள், பாறை ஏறுவோர் விரும்பிச் செல்லும் இடமாகும். அங்குள்ள ராமதேவர பெட்டா, 2012-ல் பாறுகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கருங்கழுத்துப் பாறு செங்குத்தான பாறை விளிம்புகளில் கூடு கட்டி, ஒரு பருவத்தில் ஒரு முட்டை மட்டுமே இடும். 1990-களில் தொடங்கிய பெரும் வீழ்ச்சியில் இவ்வினத்தின் தொகை 90 சதவீதத்திற்கும் மேல் குறைந்தது. கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக் மருந்தே முக்கியக் காரணமெனக் கண்டறியப்பட்டு, 2006-ல் கால்நடைகளுக்கான அதன் பயன்பாடு இந்தியாவில் தடை செய்யப்பட்டது. எஞ்சியுள்ள சிறு தொகையில் ஒவ்வொரு முட்டையும் மதிப்புடையது. அஞ்சிய பறவை கூட்டைவிட்டு நீங்கினால், அந்த ஆண்டின் இனப்பெருக்கமே வீணாகலாம்.

இது வெறும் ஊகமன்று. 2021 மே மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் போல்சா சிக்கா காப்பகத்தில் ஒரு டிரோன் விழுந்ததால், ஆலா இனத்தைச் சேர்ந்த பறவைகள் கூட்டமாக இடம்பெயர்ந்தன. 1,500-க்கும் அதிகமான முட்டைகள் கைவிடப்பட்டன. விலங்கு அசையாதிருப்பதை அது அமைதியாக உள்ளது என்பதற்குச் சான்றாகக் கொள்வதும் தவறு. மின்னசோட்டா மாநிலக் கருங்கரடிகளைப் பற்றி 2015-ல் வெளியான ஆய்வில், பெரும்பாலும் இடம்விட்டு நகராத கரடிகளுக்கும் டிரோன் மேலே பறந்தபோது இதயத் துடிப்பு உயர்ந்தது தெரியவந்தது.

சட்டத்தின் நிலை

இந்தியாவில் 2021 ஆகஸ்டில் வெளியான டிரோன் விதிகள், 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ என எடையை அடிப்படையாகக் கொண்டு வகைப்படுத்துகின்றன. வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில் பொதுவாக 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதியின்றிப் பறக்கலாம். நானோ வகைக்கும், வணிக நோக்கமற்ற மைக்ரோ வகைக்கும் இயக்குநர் சான்றிதழ் தேவையில்லை.

இவ்விதிகளின் முதன்மை நோக்கம் விமானப் போக்குவரத்தின் பாதுகாப்பு. மோதலின் ஆபத்து எடையைப் பொறுத்தது. ஆகவே இலகுவான டிரோனுக்குச் சலுகை அளிப்பது பொருத்தமே. ஆனால் அமைதிக் குலைவு எடையைப் பொறுத்ததன்று. கூட்டிலுள்ள பறவையை வெருட்ட 250 கிராமே போதுமானது. விதிகளின் பிடி தளர்ந்துள்ள இடத்திலேயே இப்பிரச்சினை வளர்வதன் காரணம் இதுதான்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இக்குறையை ஓரளவு நிரப்புகின்றது. சரணாலயங்களில் நுழைவதற்கும் படமெடுப்பதற்கும் அனுமதி பெற வேண்டும். அங்கு வனவிலங்குகளைத் துன்புறுத்துவது குற்றமாகும். எனினும் சரணாலய எல்லைக்கு வெளியேயுள்ள பாறைகளுக்கும் மலைப் பாதைகளுக்கும் இப்பாதுகாப்பு எட்டுவதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் அமைதிப் பகுதிகளுக்குப் பகலில் 50, இரவில் 40 டெசிபல் என வரம்பிட்டபோதிலும், மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் போன்றவற்றையே முதன்மையாகக் கருத்திற்கொண்டவை.

செய்யத்தக்கவை

அமெரிக்க தேசியப் பூங்காத் துறை, 2014 ஜூனில் தனது நிலத்திலிருந்து டிரோன்களை ஏவுவதையும், அங்கு இறக்குவதையும், இயக்குவதையும் தடை செய்ய ஆணையிட்டது. ஆராய்ச்சி, மீட்பு போன்ற தேவைகளுக்கு அனுமதி உண்டு. வான்வெளி வேறொரு துறையின் பொறுப்பாயினும், ஏவும் தரை நில நிர்வாகியின் பொறுப்பு என்ற அணுகுமுறை நமக்கும் பயன்படும். வனத்துறை, சுற்றுலாத்துறை, ஊராட்சி ஆகியவை தத்தம் நிலத்தில் ஏவுமிடத்தை ஒழுங்குபடுத்தினால், வானைக் கண்காணிக்கும் சுமை பெரிதும் குறையும்.

முழுத் தடை எல்லா இடத்திற்கும் பொருந்தாது. சுற்றுலாப் படப்பிடிப்பால் வருவாய் பெறும் மலைவாழ் இளைஞர்களும் உள்ளனர். ஆதலின் குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட நேரங்களில், கட்டணத்துடன் அனுமதி வழங்கலாம். கூடு கட்டும் பருவத்தில் பாறைப் பகுதிகளை மூடலாம். பாறை ஏறும் வழிகளின் அருகே பறத்தலை விலக்கலாம். அனுமதிக் கட்டணம், பிகு கூறிய வரியின் எளிய வடிவமே. மலையேற்றப் பயிற்சி நிலையங்களும் டிரோன் பயிற்சி நிலையங்களும் தம் பாடத்திட்டத்தில் இந்நெறிகளைச் சேர்ப்பது நலம்.

சாலை, மின்சாரம், தொலைத்தொடர்பு ஆகியவை மலைகளை எட்டுவது வளர்ச்சியே. அங்கு இயற்கையாக அமைந்துள்ள அமைதியோ ஒருமுறை குலைந்தால் எந்தத் திட்ட ஒதுக்கீட்டாலும் மீண்டும் கட்டியெழுப்ப இயலாதது. பெரும் செலவின்றி, உரிய விதிகளால் மட்டுமே அதனைக் காக்க இயலும் என்பதை மாவட்ட நிர்வாகங்கள் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.