வீட்டு வாசலில் காருக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்

முழுக் காருக்கும் பெயிண்ட் அடிக்கப் பட்டறையில் சொல்லும் தொகையைக் கேட்டதும், கம்ப்ரசரையும் ஸ்ப்ரே கன்னையும் வாடகைக்கு எடுத்து நாமே அடித்துவிட்டால் என்ன என்று பலருக்குத் தோன்றும். செய்யலாம். ஆனால் பெயிண்டோடு கடைக்காரர் தரும் சின்ன ஹார்டனர் டப்பாவைப் பற்றித் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

பி.யு. பெயிண்ட், டூ-கே கிளியர் என்றெல்லாம் விற்கப்படுபவை ஹார்டனர் கலந்தால்தான் இறுகும். அதில் இருப்பது ஐசோசயனேட். பெயரைக் கேட்டதும் போபால் நினைவுக்கு வரும். அங்கே 1984-ல் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். வேதிக் குடும்பம் ஒன்றுதான், ஆனால் இது அப்படி உடனே ஆளைச் சாய்க்காது. ஸ்ப்ரே செய்யும்போது நுண்திவலைகளாகக் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகும். தொழில்வழி ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று இது. உடலுக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளி பட்டாலே மூச்சு இழுக்கும். தோல் வழியாகவும் அந்த ஒவ்வாமை வரலாம்.

மூக்கை நம்ப முடியாது. நமக்கு அடிக்கும் நெடி தின்னருடையது. ஐசோசயனேட்டின் வாடை தெரிகிறதென்றால், பாதுகாப்பான அளவைத் தாண்டி வெகுநேரம் ஆகியிருக்கும். கர்ச்சீப் கட்டிக்கொள்வதும் சர்ஜிக்கல் மாஸ்க் போடுவதும் மனத் திருப்திக்குத்தான். என்-95 தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. பிரிட்டனில் இந்த வகைப் பெயிண்ட் அடிப்பவர்களுக்கு, வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகக்கவசம் வேண்டும் என்கிறது அங்குள்ள தொழில் பாதுகாப்புத் துறை. அடித்து முடித்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத மூட்டம் சில நிமிடங்கள் அங்கேயே நிற்கும். ‘முடிந்தது’ என்று முகக்கவசத்தைக் கழற்றிப் பார்க்கும் அந்த நேரம்தான் ஆபத்து. மாடியில் பிள்ளைகள் இருக்கும் வீட்டின் கார் ஷெட்டில் இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது?

என் யோசனை இது: தேய்ப்பது, பட்டி பார்ப்பது, மாஸ்கிங் டேப் ஒட்டுவது போன்ற கைவேலைகளை வீட்டில் செய்யுங்கள். செலவில் பெரும்பகுதி கூலிதான், அது மிச்சமாகும். ஹார்டனர் கலக்கும் பெயிண்டையும் கிளியரையும் மட்டும் ஸ்ப்ரே பூத் உள்ள பட்டறையில் அடித்துக்கொள்ளுங்கள். சின்னக் கீறலுக்கு ஹார்டனர் இல்லாத ஸ்ப்ரே கேன் போதும். அடியில் பட்டன் அழுத்தி ஹார்டனரைக் கலக்கும் கேன்களும் வருகின்றன. அவையும் டூ-கேதான், ஏமாந்துவிடாதீர்கள்.

பழைய பெயிண்டைக் காய்ந்த நிலையில் தேய்க்காமல் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.மைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வாகனப் பெயிண்டுக்கு அந்த விதி பொருந்தாது. ஈயம் இருக்கக்கூடிய அந்தப் பெயிண்டின் தூசி குழந்தைகள் தவழும் தரைக்கு வரக் கூடாது.

எளிதில் தீப்பற்றும் தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து போகும். கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் இருக்கும் இடத்தின் அருகே வேலை வேண்டாம். மிச்சத் தின்னரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். காலி பெயிண்ட் டப்பாவும் அபாயகரமான வீட்டுக் கழிவுதான், தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

நிறத்தை மாற்றுவதாக இருந்தால் அடிப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆர்.சி.யில் ஒரு நிறமும் வண்டியில் வேறு நிறமும் இருந்தால் வாகனச் சோதனை, விற்பனை, இன்ஷூரன்ஸ் கிளைம் என எல்லா இடத்திலும் கேள்வி வரும். ஆலிவ் பச்சை மட்டும் கூடவே கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி அது ராணுவ வாகனங்களுக்கே உரியது. பக்கத்து வீட்டுக் காரில் திவலை படிந்தால் பாலிஷ் செலவை நீங்கள்தான் தர வேண்டியிருக்கும். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி, அவர்கள் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.

அடித்த அன்றோ, இரவிலோ நெஞ்சு இறுக்கமும் இருமலும் வந்தால் ‘தூசி அலர்ஜி’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் டப்பா லேபிளின் படத்தைக் காட்டி, ஹார்டனர் கலந்து அடித்ததைச் சொல்லுங்கள். மூச்சுத் திணறினால் 108.

கடையில் ஹார்டனரைப் பெயரில்லாத பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் எச்சரிக்கை வாசகமும் அதோடு போய்விடுகிறது. உயிருக்கு ஆபத்தான பொருளிலிருந்து பாதுகாப்புப் பெறுவதும், பொருளின் தரம் பற்றி அறிவதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமைகள். போதிய எச்சரிக்கை தராத பொருளால் பாதிப்பு வந்தால் இழப்பீடும் கேட்கலாம். ஆனால் லேபிளில் ‘தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று இருந்தும் மீறியிருந்தால், தவறாகப் பயன்படுத்தினீர்கள் என்பதே எதிர்த்தரப்பின் வாதமாக இருக்கும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். தீரவில்லையென்றால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. பில் மட்டும் கையில் இருக்க வேண்டும். ‘பில் வேண்டாம், குறைத்துத் தருகிறேன்’ என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள்.