ஒரு நாளைக்கு எத்தனை துணி?

கொட்டாஞ்சேனையில் நான் சந்தித்த அந்தத் தாய் போருக்குப் பின் வன்னியிலிருந்து வந்தவர். ஏழு வயது மகனுக்குப் பெருமூளை வாதம். "வீணீர் வடியிறதையும் டொக்டரிட்டைச் சொல்லுறதோ, மிஸ்?" என்றார். கொடியில் பதினொரு துணிகள் காய்ந்தன.

சொல்லத்தான் வேண்டும். இப்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் உமிழ்நீர் அதிகம் சுரப்பதில்லை; அதை விழுங்குவதுதான் சிரமம். மெல்பேர்ன் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட வினாக்கொத்தில் 10 கேள்விகள் உள்ளன. கடந்த வாரம் எத்தனை தடவை உடுப்பு மாற்றினீர்கள், வாய் துடைத்தீர்கள், தோல் புண்ணானதா, மணத்ததா, பிள்ளை வெட்கப்பட்டதா என்று வளர்ப்பவரிடமே கேட்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 10 வரை புள்ளி. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கேட்டால் பலன் தெரியும்.

கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தோம். குடும்ப வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்பட்டது என்ற கேள்வியில் அவர் நின்றார்.

"வெள்ளவத்தையில அக்கான்ர மகளின்ர கலியாணம். நான் போகேல்லை."

9 என்று தானே எழுதினார்.