வாழ்த்து அட்டைக்கு வண்ணத்தாள்

தமிழ் எழுத்துப் பொறித்த பொங்கல் வாழ்த்து அட்டை கடையில் எளிதிற் கிடைக்காத ஊர்களில் வாழ்பவர்கள் நாம். ஊரிலிருக்கும் பாட்டிக்குத் தொலைபேசி வழியாக ஒரு படத்தை அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்று பலரும் அமைதி கொள்கின்றனர். ஆனால் பேரப்பிள்ளையின் கையெழுத்தை, மூக்குக் கண்ணாடி அணிந்துகொண்டு, வாசற்படியில் அமர்ந்து படித்து மகிழ்வது வேறு. அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. பள்ளியிற் குஜராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் குழந்தைக்கு, ஆண்டுக்கொரு முறையேனும் தன் கையாற் தமிழில் நான்கு வரி எழுத வேண்டிய தேவையை அந்த அட்டை உண்டாக்குகிறது. அகமதாபாத் மணிநகர்ப் பகுதியில் ஞாயிறு மாலைகளிற் கூடும் எங்கள் சிறு கைவினைக் கூட்டம் அட்டை செய்யத் தலைப்பட்டது இதன்பொருட்டே.

நல்வாய்ப்பாக, இவ்வூரிலேயே அதற்கேற்ற பொருள் மலிந்து கிடக்கிறது. நமது பொங்கலும் குஜராத்தியரின் உத்தராயணமும், கதிரவன் மகர ராசியிற் புகும் ஒரே நிகழ்ச்சியை ஒட்டி அமைந்தவை. உத்தராயணம் ஜனவரி 14-ஆம் நாள். நமது பொங்கல் அன்றோ மறுநாளோ வரும். ஆகவே நமக்கு அட்டை வேண்டிய அதே வாரங்களில்தான் ஜமால்பூரிலும் ராய்ப்பூரிலும் பட்டம் செய்வோர் இரவு பகலாக உழைக்கின்றனர். பட்டத்திற்குரிய மெல்லிய வண்ணத்தாள் அங்கே அடுக்கடுக்காக விற்கப்படுகிறது. அவர்கள் கத்தரித்து ஒதுக்கும் துண்டுகளே நமக்குப் போதும். பிற ஊர்களில் உள்ளவர்கள் எழுதுபொருட் கடைகளில் இத்தகைய தாளைக் கேட்டுப் பெறலாம்.

தாளை வாங்குமுன் ஒரு சோதனை செய்துகொள்ள வேண்டும். விரல் நுனியை நனைத்துத் தாளின் ஓரத்தில் அழுத்துங்கள். விரலிற் சாயம் ஒட்டினால் அது சாயம் இறங்கும் தாள். ஒட்டாவிடில் சாயம் இறங்காத தாள். இரண்டும் பயன்படும்; முறைதான் வேறு. தாள் என்பது மரக்கூழின் நார்களாலானது. அந்நார்களின்மேற் சாயம் உறுதியாகப் பிணைக்கப்படாதபோது, நீர் அதனைக் கரைத்துத் தன்னுடன் கொண்டுபோகிறது. புடைவைக் கடையிற் குறையென்று நாம் தள்ளும் இந்தக் குணமே இங்கே தேடிப் பெறும் குணமாகிறது.

வழவழப்புப் பூச்சில்லாத தடித்த வெள்ளை ஓவியத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் அட்டையிற் சாயம் உட்புகாமல் வழிந்துவிடும். வண்ணத்தாளைக் கத்தரிக்கோல் கொண்டு வெட்டாமற் கையாலேயே கிழிப்பது நன்று. கிழிந்த விளிம்பு மென்மையான நிழலைத் தரும். துண்டுகளை அட்டையின்மேற் பரப்பி, அகன்ற தூரிகையால் நீரைத் தடவித் தாள் முழுவதும் படியச் செய்யுங்கள். பின்னர் கை வைக்கலாகாது. குழந்தைகளுக்கு மிகக் கடினமான பகுதி இதுவே! நன்கு உலர்ந்தபின் துண்டுகள் தாமாகவே எழும்பி நிற்கும். அவற்றை உரித்தெடுத்தால், அட்டையில் வண்ணம் மட்டும் தங்கியிருக்கும்.

நீர் மிகுதியாகத் தேங்கிய இடங்களில் வண்ணத்தைச் சுற்றிக் கருமையான ஒரு விளிம்பு தோன்றும். மேசையிற் சிந்திய காப்பி உலர்ந்தபின் வளையமாக நிற்பதை யாவரும் கண்டிருப்போம். துளியின் ஓரத்தில் நீர் விரைந்து ஆவியாகிறது. அவ்விழப்பை ஈடுசெய்ய நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீர் ஓடுகிறது. ஓடும்போது தன்னிடமுள்ளதை அங்கே கொண்டு சேர்க்கிறது. இக்காப்பி வளையத்தை ஆராய்ந்து, 1997-இல் சிகாகோப் பல்கலைக்கழக அறிஞர்கள் தந்த விளக்கம் இது. விளிம்பு வேண்டாமெனில், தேங்கிய நீரைப் பழந்துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். எங்கள் கண்ணுக்கு அவ்விளிம்பு அழகாகவே தோன்றுகிறது.

மஞ்சளும் சிவப்பும் கலந்தால் செம்மஞ்சள். மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை. சிவப்பும் பச்சையும் சேர்ந்தாலோ ஏரிக்கரைச் சேறுதான். மூன்று நிறங்களுக்கு மேற் கூடாது என்பது எங்கள் கூட்டத்துச் சட்டம். வாரந்தோறும் மீறப்படும் சட்டமும் அதுவே. ஆயினும் ஒன்றில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. எழுத்துக்குரிய இடத்தை வெறுமையாகவோ வெளிர் மஞ்சளாகவோ விட்டுவிட வேண்டும். வண்ணத்தின் எழிலில் மயங்கி அட்டை முழுவதையும் நிரப்பிவிட்டால், குழந்தையின் எழுத்து அதில் மறைந்துபோகும். படிக்கப்போகும் கண்களோ எழுபது வயதைக் கடந்த கண்கள்.

இவ்வகைச் சாயங்கள் பெரும்பாலும் வெயிலைத் தாங்குவதில்லை. 1856-இல் வில்லியம் பெர்க்கின் என்னும் 18 வயது இளைஞர் இலண்டனிற் கண்டுபிடித்த ஊதாச் சாயத்தின் வழிவந்த செயற்கைச் சாயங்கள் பல உண்டு. கண்ணைப் பறிக்கும் ஒளியுடைய சிலவே விரைவில் மங்கியும் விடுகின்றன. சன்னல் அருகே மாட்டினால் சில மாதங்களிலேயே நிறம் வெளுக்கத் தொடங்கும். ஆகையால் வாழ்த்தைக் கரி கலந்த கறுப்பு மையினால் எழுதச் சொல்கிறோம். அம்மை வெயிலுக்கு வெளுக்காது. அட்டை முற்றிலும் உலருமுன் எழுதத் தொடங்கினால் மை பரவி எழுத்துச் சிதையும். ஓர் இரவு பொறுத்தல் நலம்.

சாயம் இறங்காத தாளைப் பசை கொண்டு ஒட்டிவிட வேண்டியதுதான். ஒரு கரண்டி மைதாவைப் பத்துக் கரண்டி நீரிற் கரைத்து, கண்ணாடிபோற் தெளியும்வரை காய்ச்சினால் போதும். பூச்சி அரிக்காமலிருக்கச் சிலர் மயில்துத்தம் சேர்ப்பர். அது நஞ்சு, குழந்தைகள் கையாளும் பசையில் அதற்கு இடமில்லை. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றே காய்ச்சிக்கொள்ளுங்கள். தாளைச் சற்றுக் கசக்கி ஒட்டினால் கரும்புத் தோகையின் வரிகளைப் போன்ற சுருக்கங்கள் விழும். ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் கீழுள்ள நிறம் மேலுள்ளதினூடே தெரியும்.

இனி, அஞ்சல். சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள தாளில், 21 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமுமாக ஒரு துண்டை வெட்டி இரண்டாக மடித்தால், அட்டையின் எடை ஏறக்குறைய 8 கிராம்தான். ஒட்டிய வண்ணத்தாள் ஒரு கிராமைக்கூடத் தொடாது. உறையையும் சேர்த்து, கடிதத்திற்குரிய முதல் எடைப் படியாகிய 20 கிராமுக்குள் தாராளமாக அடங்கும். ஜனவரி முதல் வாரத்திற்குள் பெட்டியில் இட்டுவிடுங்கள். முகவரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அஞ்சல் குறியீட்டெண்ணின் 6 இலக்கங்களையும் தெளிவாகக் குறியுங்கள். தமிழ் முகவரியை ஊர்த் தபாற்காரர் படித்துக்கொள்வார். ஆனால் அட்டை முதலில் இங்குள்ள அஞ்சலகத்தைக் கடந்து செல்லவேண்டுமே.