காசி அல்வாவில் பூசணி எத்தனை கிராம்?

காசி அல்வா எதில் செய்யறாங்கன்னு கேட்டா, "வெண்பூசணி"ன்னு டக்குனு சொல்லிடுவீங்க. சரிதான். ஆனா உங்க கப்ல இருக்கிற அல்வாவில் அந்தப் பூசணி எத்தனை கிராம் இருக்கும்? இதுக்கு விடை தெரியாம நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அதனாலதான் இந்தக் கட்டுரை.

போன செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு, அதாவது கன்னிவாடிக்குப் போகும்போது, திண்டுக்கல்ல பஸ் மாறுற இடைவெளியில ஒரு கடையில அரைக் கிலோ காசி அல்வா பாக்ஸ் வாங்கினேன். அப்பத்தாவுக்கு சுகர் இருக்கு, மாத்திரை சாப்பிடுறாங்க. "எனக்கு எதுக்குய்யா இனிப்பு?"ன்னு ஒதுங்கினவங்ககிட்ட, பாக்ஸைத் திருப்பி லேபிளைப் படிச்சுக் காட்டினதே நான்தான். "முதல் பேரே பூசணிக்காய்தான் அப்பத்தா. இது காய் மாதிரிதான், சாப்பிடுங்க." இன்ஜினியரிங் படிக்கிற பேரன் லேபிளைப் பார்த்துச் சொல்றான்னா நம்பாம இருப்பாங்களா? ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு கப் சாப்பிட்டாங்க. மறுநாள் காலையில வெறும் வயித்துல பார்த்தா 212. வழக்கமா 140 பக்கத்துல இருக்கும். ஒரே ஒரு ரீடிங்கை வச்சு முழுப் பழியையும் அல்வா மேல போட முடியாதுதான். ஆனாலும் எனக்கு மனசு கேட்கல. அந்த லேபிளை மறுபடியும் எடுத்து உட்கார்ந்தேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். லேபிள் பொய் சொல்லல. நான்தான் அதைத் தப்பா படிச்சேன்.

நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 2020 லேபிளிங் விதிப்படி, பொருட்களை எடை அதிகமானதில் இருந்து குறைவானது வரைக்கும் வரிசையா எழுதணும். அந்த எடை, தயாரிக்கிற நேரத்துல போட்ட எடை. டப்பாவுக்குள்ள கடைசியா மிஞ்சற எடை இல்ல. காசி அல்வா விஷயத்துல எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்துலதான் இருக்கு. ஏன்னா வெண்பூசணியில 96 சதவீதம் வெறும் தண்ணி.

இப்போ நமக்குத் தெரிஞ்ச மெட்டீரியல் பேலன்ஸ் போடுவோம். உள்ளே போனது = ஆவியா போனது + மிஞ்சினது. வீட்டுல செய்யற ஒரு சாதாரண அளவை எடுத்துக்கறேன்: துருவின வெண்பூசணி 1 கிலோ, சர்க்கரை 500 கிராம், நெய் 150 கிராம், முந்திரி 50 கிராம். மொத்தம் 1,700 கிராம். சுருள வதக்கி இறக்கும்போது சுமார் 900 கிராம் நிக்குதுன்னு வச்சுக்கோங்க. காணாம போன 800 கிராமும் தண்ணி. சர்க்கரையும் நெய்யும் ஆவியாகாது, போட்டது போட்டபடி உள்ளேயே இருக்கும்.

மிஞ்சின 900 கிராமைப் பிரிச்சுப் பாருங்க:

சர்க்கரை – 500 கிராம்
தண்ணி – 160 கிராம்
நெய் – 150 கிராம்
முந்திரி – 50 கிராம்
பூசணியோட திடப்பொருள் – 40 கிராம்

லேபிள்ல முதல் இடத்துல நின்ன ஹீரோ, தண்ணியைக் கழிச்சதும் கடைசி இடம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதுன்னு சொல்வாங்க. ஆனா அரைக் கிலோ சர்க்கரையைப் பூசணிக்காய்ல ஈஸியா மறைக்கலாம் போல.

கலோரியும் பார்த்துடுவோம். சர்க்கரை கிராமுக்கு 4, நெய் கிராமுக்கு 9 கிலோ கலோரி. முந்திரி 50 கிராமுக்கு சுமார் 275. ஒரு கிலோ வெண்பூசணி மொத்தமாவே 130 பக்கம்தான். கூட்டினா 3,755. அதாவது 100 கிராம் அல்வாவுக்கு ஏறக்குறைய 417 கிலோ கலோரி. இதுல பூசணியோட பங்கு வெறும் மூணரை சதவீதம்.

இனி ஒரு சின்ன கப், 50 கிராம் கணக்கு. லேபிள்ல ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம்னு போடறதுக்கு ஆணையம் வச்சிருக்கிற அளவுகோல்: 2,000 கிலோ கலோரி, சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம். நம்ம கப்ல கலோரி சுமார் 209, அதாவது 10 சதவீதம். பார்க்க அப்பாவி மாதிரி இருக்கா? அடுத்த வரிக்கு வாங்க. சர்க்கரை சுமார் 28 கிராம், அதாவது 56 சதவீதம். நிறைவுற்ற கொழுப்பு கிட்டத்தட்ட 25 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொன்னபடி, சேர்க்கிற சர்க்கரை மொத்தக் கலோரியில 5 சதவீதத்துக்குக் கீழ இருந்தா இன்னும் நல்லது. 2,000 கலோரிக்காரருக்கு அது 25 கிராம். ஒரே கப்ல அது தாண்டிடுச்சு. அப்பத்தா சாப்பிட்டது ரெண்டு கப்.

"ஆரஞ்சு கலரா இருக்கே, வைட்டமின் ஏ இருக்கும்ல?" நானும் அப்படித்தான் நினைச்சேன். நம்ம ஊர்ல திருஷ்டி சுத்தி ரோட்டுல உடைக்கிற பூசணியை ஞாபகப்படுத்திப் பாருங்க. குங்குமத்தை விட்டுட்டா உள்ளே வெள்ளைதானே? அப்போ அல்வாவில் அந்த நிறம் குங்குமப்பூவுல இருந்து வரணும், இல்லைன்னா கலர் பவுடர்ல இருந்து. லேபிள்ல ஐ.என்.எஸ். 102 அல்லது 110 இருந்தா அது செயற்கை நிறம். வைட்டமின் ஏ ஆக மாறுற பீட்டா கரோட்டின் இருக்கிறது மஞ்சள் பூசணியில, அதாவது பரங்கிக்காய்ல. அமெரிக்காவுல நவம்பர் மாசம் கடைகள்ல குவியற பம்ப்கின் பை அந்த வகைக் காய்ல செய்யறது. அதனால அதுல சர்க்கரையோட சேர்ந்து வைட்டமின் ஏ-யும் நிஜமாவே கிடைக்கும். நம்ம காசி அல்வாவுக்கு அந்தச் சால்ஜாப்பும் கிடையாது.

அப்போ கடையில பாக்ஸை எடுத்தா என்ன பார்க்கணும்? பொருள் வரிசையை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. சத்து அட்டவணையில "சேர்க்கப்பட்ட சர்க்கரை" வரிக்கு நேரா போங்க. அது 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா, அந்தப் பரிமாறல் எத்தனை கிராம்னு பாருங்க. 20 கிராம்னு போட்டுட்டா எல்லா எண்ணும் சாதுவாத்தான் தெரியும். "வெல்லம் போட்டது"ன்னா சுகர்காரங்களுக்குச் சரின்னு நினைக்காதீங்க. வெல்லத்துலயும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். எடை போட்டு வாங்கற ஸ்வீட்ல அட்டவணையே இருக்காது, அங்க மேலே போட்ட கணக்குதான் துணை.

காசி அல்வா கெட்டதுன்னு நான் சொல்லல. எனக்கு இன்னமும் பிடிச்ச ஸ்வீட் அதுதான். அதை ஸ்வீட்டுன்னு நினைச்சுச் சாப்பிடுங்க, காய்னு நினைச்சு இல்ல.

இந்தக் கணக்கை அப்பத்தாகிட்ட சொன்னப்போ சிரிச்சாங்க. "காய் திங்கணும்னா கூட்டு வச்சுத் தின்னுட்டுப் போறேன், அதுக்கு ஏன் திண்டுக்கல்லு வரைக்கும் போற?" அடுத்த லீவுக்கு வெண்பூசணி மட்டும்தான் வாங்கிட்டுப் போகப் போறேன்.