கொல்லையில் ஒரு காலண்டர்

"அழகை ரசிக்க நமக்கு எங்கே நேரம்? வாசல் தெளிப்பதில் ஆரம்பித்து, ராத்திரி அடுப்படியைக் கழுவி விடும்வரை ஓட்டம்தானே!" இப்படிச் சொல்லாத குடும்பத் தலைவி உண்டா? நானும் இருபத்தைந்து வருஷமாக ஓடிக்கொண்டிருப்பவள்தான். ஆனால் கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும்போதும், கறிவேப்பிலை பறிக்கப் போகும்போதும், கண்ணைச் சற்றுத் திருப்பினால் அழகு அங்கேயே நிற்கிறது. அது வெறும் பொழுதுபோக்கு இல்லை, சகோதரிகளே. மனசு ஒடிந்து உட்கார்ந்தவர்களைக் கைபிடித்து எழுப்பும் சக்தி அதற்கு உண்டு. எங்கள் வீட்டில் இரண்டு தடவை அதைக் கண்ணால் பார்த்தேன்.

புயல் அடித்த வருஷம்

எங்களுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். தென்னையை 'மரம்' என்று சொல்ல மாட்டோம், 'தென்னம்பிள்ளை' என்போம். 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி நள்ளிரவு தாண்டிக் கஜா புயல் கரையைக் கடந்தபோது, எங்கள் ஜில்லாவில் சாய்ந்த தென்னைகளுக்குக் கணக்கில்லை. எங்கள் கொல்லையில் நின்ற மூன்று தென்னையும், ஒரு முருங்கையும் போயின. வேம்பு மட்டும் ஒரு இலைகூட இல்லாமல் மொட்டையாக நின்றது.

அந்தத் தென்னைகள் என் மாமியார் கல்யாணமாகி வந்த வருஷம் வைத்தவை. புயலுக்குப் பிறகு அவர் கொல்லைக் கதவைத் திறக்கவே இல்லை. கூடத்தில், கொல்லைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாப்பாடும் குறைந்துவிட்டது. என்ன பேசினாலும் "ம்" என்று ஒரு பதில்தான்.

ஒரே வாரத்தில் திருக்கார்த்திகை வந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை. தெருவில் ஒரு பல்பு எரியவில்லை. இருந்த எண்ணெயைப் பங்கிட்டு வாசலில் ஐந்தாறு அகல் ஏற்றினோம். எதிர்வீடு, அடுத்த வீடு என்று தெருக்கோடிவரை அகல் வெளிச்சம் மட்டுமே. மாமியார் எழுந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து பார்த்தார். "எங்க சின்ன வயசுல இப்படித்தான் இருக்கும்மா" என்றார். எட்டு நாளில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

வேம்பு பூத்தது

விழுந்த முருங்கையின் கிளைகளை முழங்கை கனத்தில் நறுக்கி, வேலியோரம் நட்டு, தலையில் சாணி உருண்டை வைத்தோம். மாசி பிறப்பதற்குள் தொட்டால் உதிரும் பிஞ்சு இலைகள். முதல் கீரையை ஆய்ந்து, பருப்புப் போட்டுக் கூட்டு வைத்து மாமியாருக்குப் பரிமாறினேன். "எந்தக் கொம்புல பறிச்சே?" என்று கேட்டார். சொன்னேன். சாப்பிட்டு முடித்ததும் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போனார்.

பங்குனியில் வேம்பும் பூத்துவிட்டது. மொட்டையாக நின்ற மரமா இது என்று இருந்தது! பழைய வேட்டியை மரத்தடியில் விரித்து வைத்தால், விடியும்போது வெள்ளைப் பூ உதிர்ந்து கிடக்கும். அதை முறத்தில் போட்டுக் காம்பைப் புடைத்து எடுப்பது மாமியாரின் வேலையாயிற்று. நிழலில் உலர்த்தி டப்பாவில் போட்டு வைத்தால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும். சித்திரை முதல் நாள் வெல்லமும் மாங்காயும் போட்டுச் செய்யும் பச்சடிக்கும் அதுதானே பிரதானம்?

அந்த ஆடியில் மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டச் சொல்லி, ஒரு தென்னங்கன்றை வைத்தார் மாமியார். அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது. "குட்டை ரகமா வைங்க ஆத்தா, மூணு நாலு வருஷத்துல காய்க்கும்" என்று பக்கத்து வீட்டில் யோசனை சொன்னார்கள். "நெட்டைதான் வேணும். ஆறேழு வருஷம் ஆனா ஆகட்டும். அறுபது வருஷம் நின்னு காய்க்கும்ல!" என்றுவிட்டார்.

மாதம் ஒரு அழகு

அன்றிலிருந்து அவருக்கும் எனக்கும் ஒரு பழக்கம். மாதம் பிறந்தால், அந்த மாதத்தின் அடையாளம் என்ன என்று கொல்லையில் தேடுவோம்.

ஆடியில் காற்று துணிக்கொடியைப் பிய்த்து வீசும். அப்போது ஊன்றிய அவரை விதை, பகல்பொழுது குறுகும் மார்கழியில் கொத்துக் கொத்தாக ஊதாப் பூ எடுக்கும். தை, மாசியில் பந்தல் நிறையக் காய். அவரைக்குப் பொழுதின் கணக்கு தெரியும் என்பார் மாமியார்.

ஐப்பசியில் மழைக்கு முன்னே தட்டான்கள் கூட்டமாகத் தாழப் பறக்கும். மழை விட்ட மறுநாள் மண்ணில் சிவப்பு வெல்வெட்டுத் துணியைக் கிள்ளிப் போட்டாற்போலப் பூச்சி ஊரும். குழந்தைகளுக்குக் காட்டாமல் விடாதீர்கள்.

மார்கழியில் கோலத்தின் நடுவே சாணியில் பறங்கிப் பூ வைப்போம் இல்லையா? காம்போடு நீளமாக நிற்கும் ஆண் பூவைத்தான் பறிக்க வேண்டும். அடியில் பிஞ்சோடு இருப்பது பெண் பூ, அதைத் தொடக்கூடாது. ஆண் பூவிலும் நாலைந்தை வண்டுக்கு விட்டுவிட வேண்டும். அப்போதுதான் காய் பிடிக்கும். பச்சரிசி மாவுக் கோலம் என்றால் வெயில் ஏறுவதற்குள் எறும்பும் அணிலும் வந்து பசியாறிவிடும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் எங்கள் தெற்கு ஜன்னல் வெயில் கூடத்தின் பாதிவரை வரும். காலை நேரத்தில் மாமியாரின் நாற்காலி அந்த வெயிலில்தான் இருக்கும்.

மாசியில் எங்கள் கொடிக்கயிற்றின் ஓரத்தில் தேன்சிட்டு கூடு கட்டியது. நாரும் சருகும் சேர்த்து, சிலந்தி வலையால் ஒட்டி, வாசலுக்கு மேலே மழைத் தாழ்வாரம் மாதிரி ஒரு மறைப்பு வேறு! குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு மாதம் அந்தப் பக்கம் துணி போடவில்லை. என் கணவரே கூடத்தில் கயிறு கட்டித் தந்தார்.

சித்திரை, வைகாசி வெயிலைத் திட்டாத வாய் இல்லை. ஆனால் அந்த வெயில்தான் மல்லிகைக்குப் பிடிக்கும். கார்த்திகை கடைசியிலோ மார்கழியிலோ செடியை அரை ஆள் உயரத்துக்கும் கீழே வெட்டி விட்டால், கோடையில் பூ கொட்டும். சாயந்திரம் மொக்காகப் பறித்துத் தொடுத்து வைத்தால் விளக்கு வைத்த பிறகு ஒவ்வொன்றாக விரியும்.

மாடி வீட்டில் ஒரு புழு

"கொல்லை இருக்கிறவங்க சொல்வாங்க. எங்களுக்கு மூன்றாவது மாடி ஃப்ளாட்டு!" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. என் மகளும் சென்னையில் அப்படித்தான் இருக்கிறாள். 2024-ல் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. எங்கள் வீட்டில் இருந்துவிட்டு அங்கே திரும்பிய பிறகு, ஃபோனில் அவள் குரலே மாறிவிட்டது. "இன்னிக்கு என்ன கிழமைன்னே தெரியலம்மா. பால் குடுக்கிறது, துணி மாத்துறது, மறுபடி பால் குடுக்கிறது" என்று அழுதாள்.

பிரசவித்த முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் அந்தச் சோர்வு நீடித்தால் 'பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கும்' என்று விட்டுவிடக்கூடாது. டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். நானும் மாப்பிள்ளையும் அவளை அழைத்துப் போனோம். நான் ஒரு மாதம் கூடவே தங்கினேன். போகும்போது ஒரு தொட்டிக் கறிவேப்பிலைக் கன்றும் கொண்டு போனேன். காலை இளவெயிலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.

நான் ஊர் திரும்பிய பின் ஒருநாள் அவளாகவே ஃபோன் செய்தாள். "அம்மா, கறிவேப்பிலையில காக்கா எச்சம் மாதிரி ஒரு புழும்மா!" "எடுத்து எறியாதே, பட்டாம்பூச்சி வரும்" என்றேன். அப்புறம் தினம் ஒரு சேதி. புழு பச்சையாகிவிட்டது, தொட்டால் தலையில் சிவப்புக் கொம்பு நீட்டுகிறது, இலையெல்லாம் காலி, இன்று கூட்டுப்புழுவாகிவிட்டது... கூட்டை விட்டுக் கறுப்புச் சிறகு விரிந்த அன்று, பேரன் அதைப் பார்த்துக் கை நீட்டினானாம். கிழமை தெரியாதவள், "இன்னிக்குப் பதினோராம் நாள்மா" என்று சரியாகக் கணக்குச் சொன்னாள். மருந்தும் ஓய்வும் ஒருபுறம் இருக்க, அவளை மீட்டதில் அந்தப் புழுவுக்கும் பங்கு உண்டு என்பது என் நம்பிக்கை.

உங்களுக்கும் ஒரு தொட்டி

பெரிய செலவு எதுவும் வேண்டாம். ஓட்டை போட்ட பழைய பக்கெட்டில் மண்ணும் மக்கிய எருவும் சம அளவு போட்டுக் கறிவேப்பிலையோ மல்லிகையோ வையுங்கள். அரிசி கழுவிய தண்ணீர் போதும். இரண்டுக்கும் நல்ல வெயில் வேண்டும். பூச்சிமருந்து மட்டும் வேண்டாம், பட்டாம்பூச்சி வராது. அடுக்களைக் காலண்டரில், அன்று பார்த்ததை ஒரு வார்த்தையில் குறித்து வையுங்கள். 'முதல் மொக்கு', 'குயில் கூவியது', 'தும்பி' என்று இருந்தால் போதும். அடுத்த வருஷம் அதே தேதியில் எடுத்துப் பாருங்கள்!

எங்கள் காலண்டரில் 2025 சித்திரைப் பக்கத்தில் 'பாளை' என்று மாமியார் கையெழுத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது. இடையில் இரண்டு முறை காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்தது. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து, மட்டை இடுக்கில் தன் கையாலேயே போட்டுக் காப்பாற்றினார். கார்த்திகையில் முதல் இளநீர் வெட்டினோம். பேரனுக்கு ஒரு கரண்டி, மகளுக்கு ஒரு தம்ளர் என்று ஊற்றிவிட்டு, மிச்சத்தைத் தான் குடித்தார். "உப்புக் கரிக்குது. அடுத்த குலை நல்லா இருக்கும்" என்றார்.

இப்போது அந்த அடுத்த குலைக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறோம்.